பதினேழாம் கட்டிலின் நல்ல தண்ணி

பெண்கள் பொது வார்டின் பதினேழாம் கட்டிலுக்கு அடியில் முதன்முதலாகத் தண்ணீர் ஊறியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பார்வை நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தபோது, என் அத்தை பூமயில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிலோரத்து இரும்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, என் அம்மாவின் தாடையைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "போன வாரத்துக்கு இந்த வாரம் முகம் தெளிஞ்சிருக்கு மதினி" என்று சொன்ன நேரத்தில்.

முகம் தெளிந்திருக்கவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, கழுத்து எலும்பில் ஒரு கைப்பிடி அரிசி போட்டுவைக்கலாம் என்கிற மாதிரிக் குழி விழுந்திருந்தது. அத்தைக்கும் அது தெரியும். வெளி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, முந்தானையால் கண்ணை ஒற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். அவள் சொல்லி முடித்ததும் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரை வியர்த்தது, வியர்வை திரண்டு ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீராக நின்றது, நின்ற தண்ணீரில் மேலே சுற்றிய மின்விசிறி தெரிந்தது.

வார்டைப் பெருக்கித் துடைக்கும் ஒச்சம்மா மாப்பைத் தூக்கிக்கொண்டு, "எந்த மகராசி மூத்திரப் பையைச் சரியா மூடல?" என்று சத்தம் போட்டபடி வந்தாள். குனிந்தவள் சத்தத்தை நிறுத்தினாள். மோந்து பார்த்தாள். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அடியே, ஆசுபத்திரித் தரையை நக்குறியே" என்று பதினாறாம் கட்டிலிலிருந்து ரமீஜா பீவி கத்தினாள்.

"நல்ல தண்ணி" என்றாள் ஒச்சம்மா.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் குழாயில் வருவது உப்புத் தண்ணி. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். நல்ல தண்ணி லாரியில் வரும், வருகிற நாளில் வரும், வருகிற நேரத்தில் வரும். என் அம்மா முத்திருளாயி தன் ஆயுளில் பாதியை லாரிக்காகக் குடத்தோடு நின்று கழித்தாள், மீதிப் பாதியைக் கரிமூட்டத்தில் கழித்தாள். கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசி, உள்ளே தீ வைத்து, மூட்டம் புகையும் நாளெல்லாம் பக்கத்திலேயே இருந்து, ஓட்டை விழும் இடத்தில் மண் அப்பி, கடைசியில் கரியைப் பிரித்து மூட்டை கட்டுகிற வேலை. அந்தப் புகையில்தான் நான் படித்தேன்.

நான் முனீஸ்வரி. வேதியியல் படித்தவள். 'முதல் பட்டதாரி' என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. கல்லூரிக்கு அது கட்டணச் சலுகைத் தாள். எங்கள் வீட்டில் அதன் பொருள் வேறு, வாசிக்க வேண்டியது எதுவானாலும் முனீசு வாசிப்பாள் என்பது. பஸ் போர்டு, கரண்ட் அட்டை, மாத்திரை உறை, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் என்னிடம்தான் வரும். அதனால் அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் ஸ்கேன் முடிவு வந்தபோது அம்மாவின் கோப்பும் என் கையில்தான் வந்தது. வராந்தாவில் சுவரோரம் நின்று அதை வாசித்தேன். நுரையீரலில் தொடங்கி ஈரலுக்குப் போயிருந்தது. சந்தேகத்துக்கு மறுபடி வாசித்தேன். பயிற்சி டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பதினஞ்சு நாள், இருபது நாள். மூச்சுத் திணறாம, வலி தெரியாம பாத்துக்கலாம்" என்றார். விளக்கம் கேட்டுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயந்தரமே கேண்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் சொந்தக்காரர்கள் கூடினோம். அம்மாவின் அண்ணன் கருமலையான் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "அவ காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது. கேஸ் டிரபிளு, ரத்தம் கம்மி, ரெண்டு பாட்டில் ஏத்துனா சரியாயிரும். எல்லாருக்கும் ஒரே பேச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் மூஞ்சிதான் மருமகளே எனக்குப் பயமா இருக்கு. அது பேப்பர் மாதிரி. எவனும் வாசிச்சுருவான்."

"அம்மாவுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே மாமா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் அம்மாவிடம் பொய் சொல்வதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பத்து வயதில் ஒரு முறை சொன்னேன். பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லிப் பள்ளிக்கூடம் அனுப்பிய தாளை, நாளைக்கு விடுமுறை என்று வாசித்துக் காட்டினேன். லாரி வரிசையில் டீச்சரே அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம், நான் வாசித்துக் காட்டிய ஒவ்வொரு தாளையும் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போய், ரேஷன் கடைக்காரரிடம் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த மூன்று மாதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே என் பயம் ஒன்றே ஒன்றுதான்: அம்மா என்னைப் பார்த்து, "எனக்கு என்னத்தா செய்யுது, வாசிச்சியே" என்று கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்.

தண்ணீர் ஊறியதற்கு அடுத்த நாள் மாமா வந்தார். மாமா ஊர்க் கூட்டங்களில் பேசுகிறவர், எதையும் சின்னதாகச் சொல்லத் தெரியாதவர். "ஏத்தா இருளாயி, வர்ற வெள்ளிக்கிழமை நீ வீட்டுல இருப்ப. கருப்பு சேவல் ஒண்ணைப் பிடிச்சு உனக்குன்னே கட்டிப் போட்டிருக்கேன்" என்றார். தரையிலிருந்து தண்ணீர் சத்தத்தோடு எழுந்து, கட்டில் காலைச் சுற்றி வளைந்து, ரமீஜா பீவியின் கட்டில் வரைக்கும் போனது.

ரமீஜா பீவி சர்க்கரையால் கால் புண் வந்து இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறவள், அந்த வார்டில் நடக்கிற எதையும் தவற விடாதவள். "புள்ள, நான் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். "உங்க மாமா வாயைத் தொறந்தா ஊறுது, மூடுனா நிக்குது. இரு, நான் சொல்லிப் பாக்குறேன். தங்கச்சி! உன் மக கல்யாணத்துல நீதான் முன்னாடி நின்னு பந்தி விசாரிப்பே!"

ஊறியது.

"மணி நாலரை."

ஊறவில்லை.

"என் மருமக சபுரா நல்லா சமைப்பா."

ஊறவில்லை. கட்டிலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த சபுரா நிமிர்ந்தாள். "பாத்தீங்களா மாமி, சொட்டுத் தண்ணி இல்ல. அப்ப உண்மைதானே?"

"போடி. அது நோயாளியைத் தேத்துறதுக்குச் சொல்ற பொய்க்கு மட்டும்தான் ஊறும் போல" என்றாள் ரமீஜா பீவி.

அப்படித்தான் அது வார்டுக்குத் தெரிந்தது, வார்டிலிருந்து மாடிப்படிக்கும், மாடிப்படியிலிருந்து பிரசவ வார்டுக்கும் எலும்பு முறிவு வார்டுக்கும் தெரிந்தது. எங்கள் வார்டு இரண்டாவது மாடியில் இருந்தது. பதினேழாம் கட்டிலுக்கு நேர் கீழே எக்ஸ்ரே அறை, அதன் கூரை காய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து தரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், சுவரில் காதை வைத்தார், மாடியில் ஊற்று வர வழியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். நான் வேதியியல் படித்தவள், காரணம் தேடியிருக்க வேண்டும் என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அப்போது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பயப்பட நேரம் இருந்தது.

முதலில் டம்ளரோடு வந்தார்கள், பிறகு செம்போடு வந்தார்கள், பிறகு பச்சைக் குடமும் சிவப்புக் குடமும் நீலக் குடமுமாக வந்து பார்வை நேரம் முழுக்க வரிசையில் நின்றார்கள். பிரசவ வார்டிலிருந்து பால்பவுடர் கலக்க வந்தார்கள், சிறுநீரக வார்டிலிருந்து உப்பு சேராத கஞ்சி காய்ச்ச வந்தார்கள், எந்த வார்டும் இல்லாமல் பஸ் நிலையத்துப் பக்கமிருந்தும் சிலர் வந்தார்கள். வாசல் காவலாளி பாஸ் கேட்பதை விட்டுவிட்டு, "பதினேழா? என்ன சொல்லப் போறீங்க, சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டு, சரியாக வராதவர்களை ஓரமாக நின்று பழகிக்கொள்ளச் சொன்னார். ஏனென்றால் ஒரே பொய் மூன்றாம் முறைக்கு மேல் ஊறாது, தரை கசிவதோடு நின்றுவிடும். 'தேறிருவீங்க' முதல் நாளிலேயே தீர்ந்தது. 'கண்ணுல ஒளி வந்திருக்கு' தீர்ந்தது. 'எங்க சின்னம்மாவுக்கு இதைவிட மோசமா இருந்துச்சு, இப்ப நாத்து நடுறாங்க' என்பது புதுசு, இரண்டு குடம் கொடுத்தது. முன்பின் தெரியாத பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதி வெட்கத்தோடு பாதி அக்கறையோடு, அவள் பேரன் பேத்தி எடுப்பாள் என்றும், கூரையை மாற்றி ஓடு வேய்வாள் என்றும், தை மாதம் பொங்கல் பானையை அவள்தான் இறக்கி வைப்பாள் என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் குனிந்து மொண்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதால், குழாய் உடைந்து ஒழுகுகிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். சொன்னது பூமயில் அத்தை. அதற்கும் ஒரு டம்ளர் ஊறியது.

எங்கள் தவறு அதில்தான் இருந்தது. ஒருவர் படுத்துவிட்டால் அவருக்குத் தரை தெரியாது என்று நினைத்துவிட்டோம். அம்மா குடத்துச் சத்தம் கேட்டே வளர்ந்தவள். லாரியின் வால்வைத் திறக்கும் சத்தத்தை வைத்து, உள்ளே எத்தனை குடம் மிச்சம், தனக்கு முறை வருமா வராதா என்று சொல்லிவிடுவாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவள் ஒருக்களித்துப் படுத்துக் கட்டில் விளிம்பு வழியாகக் கீழே பார்ப்பதை நான் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து அவளே பேச்சை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. எனக்கு நல்லாயிருமாங்க?" என்று வாசலில் தயங்கி நிற்கிற ஒருத்தியை அவளாகவே கூப்பிட்டுக் கேட்பாள். அந்தப் பெண் திக்கித் திணறி ஏதாவது சொல்ல, தண்ணீர் ஊற, அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லா நெறைச்சுக்கங்க. பிள்ளை பெத்தவ வீட்டுக்குத்தானே?" என்பாள். மாமா வந்தால் விடமாட்டாள். "அண்ணே, நான் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பேனா?" "அதென்ன அப்படிக் கேக்குற, ரெண்டு கையிலயும் எடுப்ப." "நடந்தேவா?" "ஓடுவ!" வார்டே சிரித்தது. ஒச்சம்மா வாளியோடு ஓடி வந்தாள். அம்மாவும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. தன் வாழ்நாளில் வரிசையில் நின்று மட்டுமே பழகியவள், தன்னைத் தேடி ஒரு வரிசை வருவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

எல்லோரிடமும் கேட்டாள். சிஸ்டர் சகாயராணியிடம் கேட்டாள், காவலாளியிடம் கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்க்க வந்தவர்களிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. நான் தலையணையைச் சரி செய்யும்போது, கஞ்சியை ஆற்றும்போது, காலை அமுக்கிவிடும்போது, இதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருப்பேன். கேட்கமாட்டாள். நானும் உண்மையானவற்றை மட்டும் தேடித் தேடிச் சொல்வேன். இன்னைக்குக் காய்ச்சல் இல்லம்மா. ஜன்னலுக்கு வெளியே மேகம் போட்டிருக்கும்மா. சபுரா அக்கா உனக்குன்னு ரசம் வச்சு அனுப்பிருக்காங்கம்மா. என் காலடி எப்போதும் காய்ந்தே இருந்தது. அதை அம்மா கவனித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் எங்கள் ஊரிலிருந்து காத்தம்மாள் வந்தாள், அம்மாவோடு முப்பது வருடம் மூட்டம் போட்டவள். அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பொழைச்சுக்குவடி" என்றாள். எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு சொட்டு ஊறவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னாள், ஊறவில்லை. "என்னம்மா, உங்களுக்குச் சொல்லத் தெரியல" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள். காத்தம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அம்மா அன்று பார்வை நேரம் முடிகிற வரைக்கும் அவள் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் பெருகத் தொடங்கியது. ஆட்கள் அதிகமாக வரவில்லை, பொய்கள் பெரிதாகவும் இல்லை. ஆனால் முதல் வாரத்தில் ஒரு டம்ளர் கொடுத்த சொல்லுக்கு ஒத்த சொல் இப்போது அரைக் குடம் கொடுத்தது. "கொஞ்சம் சாப்பிட்டா தெம்பு வந்துரும்" என்று யாரோ சாதாரணமாகச் சொல்ல, வார்டு வாசல் வரைக்கும் ஓடி, சிஸ்டர் சகாயராணி கோணியைப் போட்டு அணை கட்ட வேண்டியிருந்தது. எல்லோரும் மகிழ்ச்சியாக மொண்டார்கள். நான் சுவரோரம் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். ஒரே அளவு பொய், அதிகத் தண்ணீர். உண்மை தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் கட்டில் விளிம்பு வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், லாரியில் எத்தனை குடம் மிச்சம் என்று பார்க்கிற அதே கண்ணோடு.

இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை மாமா வந்து தொண்டையைக் கனைத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருண்ணே. முனீசு, இங்கிட்டு வா. அந்த டாக்டர் எழுதுன ஃபைலை வாங்கிட்டு வா."

"எதுக்கும்மா?"

"வாசிச்சுக் காட்டத்தான்."

சிஸ்டர் சகாயராணி மேசையிலிருந்து எழுந்து, நான் கேட்பதற்கு முன்பே கோப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் கட்டிலோரம் வந்து நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றாள் அம்மா. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "அவங்களுக்குத் தண்ணி வேணும், நான் கேட்டேன். உன்கிட்ட கேக்கல. இப்ப எனக்குத் தண்ணி வேணாம். வாசி."

வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எங்கே தொடங்கியது என்று சொன்னேன், எங்கே போயிருக்கிறது என்று சொன்னேன், குணமாக்கும் மருத்துவத்துக்கு இனி வழியில்லை, வலியைத் தணிக்க மட்டும் என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். எத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதை டாக்டர் வாயால் சொல்லியிருந்தார், அதையும் சொன்னேன், அதில் எத்தனை நாள் போய்விட்டது என்றும் சொன்னேன். கடைசி வரி, உறவினருக்கு விளக்கப்பட்டது.

"அதுக்குக் கீழ என்னமோ கிறுக்கியிருக்கே."

"கையெழுத்தும்மா."

"யாருது?"

"என்னுது."

"இங்கிலீஷ்ல போட்டியா?"

"தமிழ்லதான்."

"நல்லாப் போட்டியா?"

"இல்லம்மா. கோணலா இருக்கு."

அம்மா விளிம்பு வழியாகக் கீழே பார்த்தாள். என் கால் இருந்த இடம் காய்ந்து கிடந்தது. முந்தின நாள் ஈரத்தின் தடம்கூட இல்லாமல் தரை வெளுத்திருந்தது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு எழுத்துப் படிச்ச திமிரு. பெத்த தாய்க்கு வாசிக்கிற பத்திரிகையா இது? இதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்?"

"அண்ணே" என்றாள் அம்மா. "அவ வாசிக்கணும்னுதான் நான் கரி சுட்டேன். அவளை ஒண்ணும் சொல்லாத."

மாமா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பதினேழாம் கட்டிலில் தண்ணீர் இல்லை. குடத்தோடு வந்தவர்கள் அம்மாவின் கண்ணைப் பார்த்தார்கள், பழகி வந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை, "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். காவலாளி மறுபடி பாஸ் கேட்கத் தொடங்கினார். பிரசவ வார்டுப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போனார்கள். படியில் இறங்கும்போது ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே, "படிச்ச புள்ள வாயை மூடிக்கிட்டு இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்" என்றாள். அவள் பிள்ளைக்குப் பால்பவுடர் கரையாமல் கட்டி கட்டியாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வாசித்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. சரி என்று நினைத்துக்கொண்டுதான் கஞ்சியை ஆற்றினேன், சரியா என்று கேட்டுக்கொண்டேதான் துணியைப் பிழிந்தேன். அம்மா அதிகம் பேசவில்லை. வீட்டுச் சாவி எங்கே, ஆட்டை யாருக்குக் கொடுப்பது, காத்தம்மாளிடம் இருக்கிற அரிவாளைத் திருப்பிக் கேட்க வேண்டாம், அவளிடமே இருக்கட்டும் என்பது மாதிரியான சில விஷயங்களை மட்டும் சொன்னாள். ஒரு வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆக்ஸிஜன் முகமூடி போட்டார்கள். பார்வை நேரத்தில் வார்டு நிறைந்திருந்தது. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஆட்கள், ஆரஞ்சுத் தோல் வாசம், சின்னச் சின்னச் சண்டைகள், அன்று லாரி வராததால் கட்டிலுக்கு ஒன்றாகக் காலிக் குடங்கள். நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் விரலை அசைத்துக் கூப்பிட்டாள். பக்கத்தில் போனேன். முகமூடியைத் தானே தூக்கினாள்.

"முனீசு."

"சொல்லும்மா."

"எனக்குப் பயமா இல்ல."

என் குதிகாலில் குளிர்ச்சி பட்டது.

"வலியும் இல்ல. ஊசி போட்டாங்கள்ல, ஒண்ணும் தெரியல."

அது சத்தமில்லாமல் ஏறியது. விரலிடுக்கில் ஏறி, கணுக்கால் எலும்பைத் தொட்டு, கட்டிலின் நான்கு காலையும் மூடிக்கொண்டு ஏறியது. அந்த வார்டில் இத்தனை நாள் ஊறிய தண்ணீர் எதுவும் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்ததில்லை, அவ்வளவு தெளிவாகவும் இருந்ததில்லை. என் செருப்பு என் காலை விட்டுக் கழன்று மிதந்து ரமீஜா பீவியின் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. ரமீஜா பீவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ தனியா இருந்துக்குவ. எனக்கு அதுலயும் கவலை இல்ல" என்றாள் அம்மா.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. நான் போர்வையை மெதுவாக அந்தப் பக்கம் இழுத்து, விளிம்பு மறையும்படி தொங்கவிட்டேன். அம்மா எப்போதும் பார்க்கிற அந்த வழியை அடைத்துவிட்டேன். அவள் பார்க்க முயலவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"தரை ஈரமாயிருக்கா?"

"இல்லம்மா" என்றேன். "காஞ்சு கிடக்கு."

அம்மா சரி என்று தலையை ஆட்டினாள். நான் முகமூடியை எடுத்து மூக்கில் சரியாகப் பொருத்தி, காதுக்குப் பின்னால் வாரை இழுத்துவிட்டேன். என் பாவாடை கனத்து, நனைந்து, காலோடு ஒட்டியது. சிஸ்டர் சகாயராணி மேசையை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒச்சம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். கட்டிலுக்கு ஒன்றாக வைத்திருந்த குடங்கள் எடை இல்லாமல் மிதந்து, ஒன்றோடு ஒன்று இடித்து மெதுவாகத் திரும்பின. பால்பவுடர்க்காரப் பெண் வாசல்படியில் நின்றிருந்தாள், கையில் செம்பு இருந்தது. பார்வை நேரம் முடியும் மணி அடித்தது. யாரும் போகவில்லை.

அந்தத் தண்ணீரை மொள்ள ஒருத்தரும் குனியவில்லை.